81 பட்டன்களை இரு பரிமாண அரேயில் வைப்பது: நல் பிழை ஏன் வருகிறது?

தூரிகை_11

எல்லோருக்கும் வணக்கம். பிசிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜாவா லேப் மினி புராஜெக்டுக்கு மைன்ஸ்வீப்பர் (வெடி மறைந்திருக்கும் கட்டங்களைத் தவிர்த்து மற்றவற்றைத் திறக்கும் ஆட்டம்) எடுத்திருக்கிறேன், ஸ்விங்கில் (ஜாவாவில் சன்னல், பட்டன் எல்லாம் செய்யும் நூலகம்) செய்ய வேண்டும். 9 வரிசை, 9 நெடுவரிசை, 10 வெடி. விண்டோஸில் பழைய மைன்ஸ்வீப்பரின் முதல் நிலை இதே அளவுதான்.

கிளாஸின் மேலேயே ஜேபட்டன் வகையில் 9க்கு 9 அரே ஒன்றை நியூ போட்டு உருவாக்கிவிட்டேன். அப்புறம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபார் லூப் எழுதி, ஒவ்வொரு பட்டனுக்கும் செட்டெக்ஸ்ட் கொடுத்து பேனலில் ஆட் செய்கிறேன். ரன் செய்தால் முதல் பட்டனிலேயே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்.

எனக்குக் குழப்பமே இதுதான்: பக்கத்துக் கட்டங்களில் எத்தனை வெடி என்று எழுதி வைக்க இதே 9க்கு 9 அளவில் ஒரு இன்ட் அரேயும் இருக்கிறது. அதையும் இதே மாதிரிதான் நியூ போட்டு உருவாக்கினேன். அது ஒரு பிழையும் இல்லாமல் ஓடுகிறது. ஒரே மாதிரி எழுதிய இரண்டில் ஒன்று மட்டும் ஏன் விழுகிறது?

பனங்காடு

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள், பதிலும் அங்கேயேதான் இருக்கிறது.

ஜாவாவில் இன்ட் அரே உருவாகும்போது 81 இடங்களிலும் 0 தானாகவே எழுதப்பட்டுவிடும். 0 ஒரு முழுமையான எண், அதை வைத்து உடனே கணக்குப் போடலாம். ஜேபட்டன் அரேயில் 81 இடங்களிலும் எழுதப்படுவது நல், அதாவது 'எதுவும் இல்லை'. அந்த அரேக்குள் இருப்பது பட்டன் இல்லை, பட்டன் இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ் மட்டும்தான். கடையில் 5க்கு 6 முட்டை அட்டை வாங்கினால் 30 குழி கிடைக்கும், முட்டையை நாம்தான் வைக்க வேண்டும். நீங்கள் அட்டையை மட்டும் வாங்கிவிட்டு முதல் முட்டையை உடைக்கப் போயிருக்கிறீர்கள்.

ஆகவே இரண்டு தடவை நியூ தேவை. ஒன்று அரேக்கு, ஒரே ஒரு முறை. இன்னொன்று ஒவ்வொரு பட்டனுக்கும், லூப்புக்குள், 81 முறை. நிரலின் எலும்புக்கூடு இதுதான்:

பட்டன்கள் = புதிய ஜேபட்டன் [9][9]
வரிசை 0 முதல் 8 வரை:
  நெடு 0 முதல் 8 வரை:
    பட்டன்கள்[வரிசை][நெடு] = புதிய ஜேபட்டன்()
    பேனல்.ஆட்(பட்டன்கள்[வரிசை][நெடு])

சி++ முதலில் படித்துவிட்டு ஜாவாவுக்கு வருகிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். சி++ஸில் ஒரு கிளாஸின் பெயரைப் போட்டு 9க்கு 9 அரே அறிவித்தால், 81 ஆப்ஜெக்டுக்கும் டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் அப்போதே ஓடிவிடும். ஜாவா அப்படிச் செய்யாது.

இதைச் சரிசெய்யும்போது இரண்டு குறுக்குவழிகளைத் தவிர்த்துவிடுங்கள். பார்க்கச் சரியாக இருக்கும், வேலை செய்யாது.

முதலாவது, ஒவ்வொரு உறுப்பாக எடுத்துத் தரும் அந்தச் சுருக்கமான ஃபார் லூப். அதில் கிடைக்கும் மாறிக்குப் புதிய பட்டனைக் கொடுத்தால், அந்த மாறி மட்டும்தான் மாறும். அரேயின் இடத்தில் பழைய நல் அப்படியே கிடக்கும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

இரண்டாவது, அரேஸ்.ஃபில். அதில் புதிய ஜேபட்டன் என்று எழுதினால் ஒரே ஒரு பட்டன் உருவாகி, அதே பட்டனை வரிசையின் எல்லா இடங்களும் காட்டிக்கொண்டிருக்கும். மொத்த அரேயையும் ஒரே பட்டனால் நிரப்பிப் பேனலில் 81 முறை ஆட் செய்து பாருங்கள். ஒரு பட்டன் ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்பதால், ஒவ்வொரு ஆட்டும் முந்தைய இடத்திலிருந்து அதை எடுத்துவிடும். கடைசியில் சன்னலின் மேல்பக்கம், ஒன்பதில் ஒரு பங்கு உயரத்தில், முழு அகலத்துக்கும் ஒற்றைப் பட்டன் நீண்டு கிடக்கும். சுருக்கமாக எழுதியே ஆக வேண்டும் என்றால் ஜாவா 8இல் வந்த அரேஸ்.செட்ஆல் இருக்கிறது. அது ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக லாம்டாவை (பெயரில்லாத சின்ன ஃபங்ஷனை) ஓட்டும். லேப் பரிசோதனைக்கு இரண்டு ஃபார் லூப்பே போதும், படிக்கவும் எளிது.

இன்னொன்று. நீங்கள் எந்த ஜாவா பதிப்பில் ஓட்டுகிறீர்கள்? 2020 செப்டம்பரில் வந்த ஜாவா 15 முதல், எது நல் என்பதை நல் பாயின்டர் பிழைச்செய்தியே சொல்லிவிடும். நல்லாக இருப்பது பட்டன்கள் என்ற அரேயேவா, அதன் ஒரு வரிசையா, ஒரு கட்டம் மட்டுமா என்று செய்தியின் பின்பாதியில் தெரியும். கட்டம் நல் என்றால் நான் மேலே சொன்ன கதை. அரேயே நல் என்றால் காரணம் வேறு: கன்ஸ்ட்ரக்டருக்குள் வகையின் பெயரை மறுபடி எழுதி, அதே பெயரில் ஒரு லோக்கல் மாறியை உருவாக்கியிருப்பீர்கள். நிரப்பியது லோக்கலை, கிளிக்கில் தேடுவது ஃபீல்டை (கிளாஸின் மேலே அறிவித்த மாறியை). கல்லூரி லேபில் ஜாவா 8 இருந்தால் வெறும் வரி எண் மட்டும்தான் கிடைக்கும். வீட்டில் புதிய பதிப்பை நிறுவி ஓட்டிப் பாருங்கள்.

தூரிகை_11

ரொம்ப நன்றி அண்ணா, நல் பிழை போய்விட்டது. இன்ட் அரேக்கும் பட்டன் அரேக்கும் உள்ள வித்தியாசம் இப்போது நன்றாகப் புரிகிறது.

ஆனால் சன்னலில் கட்டங்கள் 9க்கு 9 ஆக வரவில்லை. பட்டன்களைக் கட்டங்களாக அடுக்கும் கிரிட்லேஅவுட்டுக்கு 9, 9 என்றுதான் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தால் ஒரு வரிசைக்கு 10 இருக்கிறது, கடைசி வரிசையில் இரண்டே இரண்டு பட்டன். மேலே "புதிய ஆட்டம்" என்று ஒரு பட்டன் வைத்தேன், அதுவும் மற்றக் கட்டங்கள் மாதிரியே குட்டியாக மூலையில் நிற்கிறது.

ஆலங்குருவி

தம்பி, அந்தப் "புதிய ஆட்டம்" பட்டன்தான் காரணம். அதையும் அதே பேனலில் ஆட் செய்திருக்கிறீர்கள்.

கிரிட்லேஅவுட்டுக்கு ஒரு விதி உண்டு, அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. வரிசை எண்ணிக்கை, நெடுவரிசை எண்ணிக்கை இரண்டையும் பூஜ்யம் இல்லாமல் கொடுத்தால், நெடுவரிசை எண்ணைக் கண்டுகொள்ளாது. மொத்தம் எத்தனை உறுப்பு இருக்கிறது என்று பார்த்து, வரிசை எண்ணால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கிக்கொள்ளும். உங்களிடம் 82 இருக்கிறது. 82ஐ 9ஆல் வகுத்தால் 9க்குக் கொஞ்சம் மேல், ஆகவே 10 நெடுவரிசை. எட்டு வரிசையில் 80 போய்விட்டது, மிச்சம் இரண்டு. நீங்கள் எண்ணியது சரிதான்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. உங்கள் அரேயில் [2][0] என்று இருக்கும் பட்டன் திரையில் இரண்டாம் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். ஆடுகிறவர் கண்ணுக்குப் பக்கத்துக் கட்டம் ஒன்று, உங்கள் கணக்கில் பக்கத்துக் கட்டம் வேறொன்று. எண்கள் எல்லாம் பொய் சொல்லும். அரேயில் பட்டன் எங்கே இருக்கிறது என்பதும் திரையில் எங்கே தெரிகிறது என்பதும் இரண்டு தனி விஷயங்கள். அரேயின் [2][0] பற்றி லேஅவுட்டுக்கு ஒன்றுமே தெரியாது. ஆட் செய்த வரிசையில் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அடுக்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அதனால்தான் வெளி லூப் வரிசைக்கும் உள் லூப் நெடுவரிசைக்கும் இருக்க வேண்டும்.

சரிசெய்ய: கட்டங்களுக்கு மட்டும் ஒரு பேனல், அதில் கிரிட்லேஅவுட். "புதிய ஆட்டம்" பட்டனுக்கு வேறு பேனல். இரண்டையும் ஃபிரேமில் பார்டர்லேஅவுட்டின் நடுவிலும் மேலேயும் வையுங்கள். கிரிட்லேஅவுட்டுக்கு 0, 9 என்று கொடுப்பது என் வழக்கம். 0 கொடுத்தால் வரிசையை அது கணக்கிட்டுக்கொள்ளும், 9 நெடுவரிசை கெட்டியாக நிற்கும்.

நெய்தல்

நான் பைத்தான் ஆள், சன்னல் செய்ய அங்கே டிகேஇன்டர் நூலகம். இந்தப் பிரச்சினைகளின் உடன்பிறப்புகள் அங்கேயும் உண்டு என்பதால் எழுதுகிறேன். தேடி வருகிற யாருக்காவது உதவும்.

பட்டன்களை வைக்க 9க்கு 9 லிஸ்ட் வேண்டும் என்று, நன் (ஜாவாவின் நல்லுக்குப் பைத்தானில் உள்ள இணை) ஒன்பது கொண்ட ஒரு லிஸ்ட்டை எடுத்து அதையே மறுபடி 9ஆல் பெருக்குவார்கள். வெளியே ஒன்பது வரிசை தெரியும், உண்மையில் இருப்பது ஒரே வரிசை. [0][3]இல் பட்டனை வைத்தால் [5][3]இலும் அதுவே இருக்கும். லூப் முடியும்போது ஒன்பது வரிசையும் கடைசி வரிசையின் பட்டன்களையே காட்டும். திரையில் 81 பட்டனும் ஒழுங்காகத் தெரிவதால் சந்தேகமே வராது. மேல் வரிசையில் கிளிக் செய்தால் கீழ் வரிசையில் எழுத்து மாறும்போதுதான் தெரியும். லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் வரிசையை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குவதுதான் வழி.

அடுத்தது, பட்டனை உருவாக்கி அதே வரியில் புள்ளி வைத்து, அதைத் திரையில் வைக்கும் கிரிட்டையும் அழைப்பது. கிரிட் திருப்பித் தருவது பட்டனை இல்லை, நன். லிஸ்ட் முழுக்க நன் நிரம்பும். திரையில் எல்லாம் தெரியும், ஆனால் பட்டனைத் தொட்டால் "நன் வகைக்கு கான்ஃபிக் இல்லை" என்று பிழை வரும். ஒரு வரியில் உருவாக்குங்கள், அடுத்த வரியில் கிரிட் போடுங்கள்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. பட்டனைத் தொட்டால் எது ஓட வேண்டும் என்று சொல்லும் கமாண்டுக்கு லாம்டா எழுதி அதற்குள் லூப்பின் வரிசை, நெடு மாறிகளைப் பயன்படுத்தினால், 81 பட்டனில் எதைத் தொட்டாலும் 8, 8 என்றே வரும். லாம்டா அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்வதில்லை, மாறியை வைத்துக்கொள்கிறது. கிளிக் நடக்கும்போது லூப் எப்போதோ முடிந்து மாறிகள் இரண்டும் 8இல் நிற்கின்றன. லாம்டாவின் அளவுருவில் வரிசை=வரிசை, நெடு=நெடு என்று இயல்பு மதிப்பாகக் கொடுத்துவிட்டால் அந்தக் கணத்தின் எண் பிடித்து வைக்கப்படும். ஃபங்க்டூல்ஸில் இருக்கும் பார்ஷியலும் அதே வேலையைச் செய்யும். எனக்குப் பார்ஷியல்தான் பிடிக்கும், படிப்பவருக்கு நோக்கம் உடனே தெரிகிறது.

ஆலங்குருவி

நெய்தல் சொன்ன மூன்றாவது விஷயம் சி ஷார்ப்பிலும் அப்படியே வரும், ஒரு எண் மட்டும் வித்தியாசம். அங்கே ஃபார் லூப்பின் மாறி, நிபந்தனை பொய்யாகும்வரை ஏறிவிடும். ஆகவே 8, 8 வராது, 9, 9 வரும். 9க்கு 9 அரேயில் எண்கள் 0 முதல் 8 வரைதான், 9 என்ற இடமே கிடையாது, உடனே இண்டெக்ஸ் பிழை. ஒரு வகையில் நல்லதுதான், தவறு சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். 2012இல் சி ஷார்ப் 5 வந்தபோது ஃபார்ஈச்சில் இதைத் திருத்தினார்கள். ஃபார் லூப் பழையபடியே இருக்கிறது. லூப்பின் உள்ளே புதிய மாறி ஒன்றில் எண்ணைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை லாம்டாவில் பயன்படுத்த வேண்டும்.

விஷுவல் பேசிக் 6இல் கன்ட்ரோல் அரே என்று ஒன்று இருந்தது. எத்தனை பட்டன் இருந்தாலும் கிளிக்குக்கு ஒரே புரொசீஜர், எந்த எண் பட்டன் என்பது இண்டெக்ஸாக உள்ளே வந்துவிடும். ஆனால் அது ஒற்றைப் பரிமாணம். இண்டெக்ஸ் 31 என்றால், 9ஆல் வகுத்த ஈவு 3 வரிசை, மீதி 4 நெடுவரிசை. டாட்நெட் வந்தபோது கன்ட்ரோல் அரே போய்விட்டது. அந்த வகுத்தல் கணக்கு மட்டும் எந்த மொழியிலும் செல்லும். இரு பரிமாண அரே இல்லாமலே பட்டன்களை ஒரே வரிசையில் வைத்துச் சமாளிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தூரிகை_11

பேனலைப் பிரித்தவுடன் 9க்கு 9 சரியாக வந்துவிட்டது. இப்போது கிளிக். லூப்புக்குள் லாம்டா எழுதி வரிசை, நெடு மாறிகளைப் போட்டேன். கம்பைலரே ஒத்துக்கொள்ளவில்லை. ஃபைனல் அல்லது அதற்கு ஒப்பானதாக இருக்க வேண்டும் என்கிறது. ஃபைனல் என்று போட்டால் லூப் ஓடாதே?

பனங்காடு

நெய்தலும் ஆலங்குருவியும் சொன்ன அந்த வலையில் நீங்கள் விழாமல் ஜாவா கம்பைலர் தடுத்திருக்கிறது. லூப் மாறி மாறிக்கொண்டே இருப்பது, அதை லாம்டாவுக்குள் விடமாட்டேன் என்கிறது. மதிப்பு மாறாத மாறி என்றால் விடும். ஆகவே உள் லூப்பின் முதல் வரியில் ஃபைனல் இன்ட் வ = வரிசை, ஃபைனல் இன்ட் நெ = நெடு என்று இரண்டு பிரதி எடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவை புதிய மாறிகள். லாம்டாவில் அவற்றைக் கொடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. ஜேபட்டனை எக்ஸ்டெண்ட் செய்து கட்டப்பட்டன் என்று சின்ன கிளாஸ் எழுதுங்கள். உள்ளே வரிசை, நெடு என்று இரண்டு ஃபைனல் ஃபீல்ட், கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொள்ளட்டும். அரேயும் கட்டப்பட்டன் அரேயாக இருக்கட்டும். அப்புறம் 81 பட்டனுக்கும் ஒரே லிசனர் (கிளிக் வந்தால் ஓடும் நிரல்) போதும். கெட்சோர்ஸ் மூலம் எந்தப் பட்டன் என்று வாங்கி, அதனிடமே வரிசையையும் நெடுவரிசையையும் கேட்டுக்கொள்ளலாம். தன் இடம் எது என்று பட்டனுக்கே தெரிந்திருந்தால் வலது கிளிக், விசைப்பலகை என்று என்ன வந்தாலும் அதே வழியில் கையாளலாம்.

கிளிக் வந்ததும் அரே முழுக்கத் தேடி எந்தப் பட்டன் என்று ஒப்பிடும் நிரல்களையும் பார்ப்பீர்கள். 81 ஒப்பீடு கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை, வேகம் குறையாது. ஆனால் நமக்கு முன்பே தெரிந்த ஒன்றை எதற்குத் தேட வேண்டும்? "3,4" என்று ஆக்ஷன் கமாண்டில் எழுத்தாக வைத்து, பிறகு பிரித்து எண்ணாக்குவதையும் தவிருங்கள்.

கல்மேடு

கல்லூரி லேபில் ஜாவா எடுக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் பட்டன் அரேயை எப்படி நிரப்புவது என்று சரியாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த அரேக்குள் எதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாணவர்களின் புராஜெக்டுகள் பெரும்பாலும் உடைவது அங்கேதான்.

ஆட்டத்தின் உண்மை பட்டனில் இருக்கக் கூடாது. பட்டனின் எழுத்து நட்சத்திரக் குறியாக இருந்தால் வெடி, காலியாக இருந்தால் திறக்காதது, டிஸேபிள் ஆகியிருந்தால் திறந்தது என்று பட்டனையே கேட்டுக் கேட்டு ஆட்டத்தை நடத்துவார்கள். ஒரு வாரத்தில் கொடி நடும் வசதி வேண்டும் என்பார்கள். கொடிக்கும் எழுத்து, வெடிக்கும் எழுத்து, எண்ணுக்கும் எழுத்து. கொடியை எடுத்தால் அடியில் என்ன இருந்தது என்று தெரியாது. அதற்கு இன்னொரு மாறி, அதைக் காக்க இன்னொரு நிபந்தனை என்று வளர்ந்துகொண்டே போகும்.

தூரிகை, உங்களிடம் ஏற்கெனவே இன்ட் அரே இருக்கிறது என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் ஆட்டம். வெடி இருந்தால் -1, இல்லையென்றால் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இருக்கும் வெடிகளின் எண்ணிக்கை. இதோடு திறந்ததா, கொடி உண்டா என்று இரண்டு பூலியன் (ஆம்/இல்லை) அரே. இந்த மூன்றும் ஸ்விங்கை இம்போர்ட் செய்யாத ஒரு தனி கிளாஸில் இருக்கட்டும். பட்டன் அரே அந்த கிளாஸைப் பார்த்துத் திரையில் காட்டும், வேறெதுவும் செய்யாது. கிளிக் வந்தால் ஆட்டத்திடம் "3, 4ஐத் திற" என்று சொல்லுங்கள். ஆட்டம் மாறிய பிறகு 81 பட்டனையும் ஒரு சுற்று சுற்றி, ஆட்டத்தில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். எது மாறியது என்று கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றும் சாமர்த்தியம் இந்த அளவுக்குத் தேவையில்லை.

இதன் பலன் "புதிய ஆட்டம்" பட்டனிலேயே தெரியும். பலர் அங்கே 81 பட்டனை மறுபடி உருவாக்கி அதே பேனலில் ஆட் செய்கிறார்கள். பழைய 81 போகவில்லை, மொத்தம் 162. ஆலங்குருவி சொன்ன விதிப்படி 9 வரிசை, 18 நெடுவரிசை. பாதி பட்டன் செத்த பட்டன். பட்டன்கள் பிறப்பது ஒரே முறை, நிரல் தொடங்கும்போது. புதிய ஆட்டம் என்றால் எண் அரேயைப் புதிதாக நிரப்பி, இரண்டு பூலியன் அரேயையும் 'இல்லை' என்று ஆக்கி, திரையை ஒரு முறை எழுதினால் போதும்.

சன்னலே திறக்காமல் சோதிக்கலாம் என்பது இன்னொரு வசதி. மூலையில் ஒரே ஒரு வெடி வைத்து, அதன் மூன்று பக்கத்துக் கட்டங்களிலும் 1 வருகிறதா என்று ஒரு மெயின் மெத்தடில் பார்த்துவிடலாம். காலிக் கட்டத்தைத் தொட்டால் சுற்றிலும் பரவித் திறக்கும் ரிகர்ஷனையும் (தன்னையே மறுபடி அழைக்கும் மெத்தடையும்) அங்கேயே சோதியுங்கள். அதில் ஒன்றை மறக்காதீர்கள்: முதலில் "திறந்தது" என்று குறித்துவிட்டுப் பிறகுதான் பக்கத்துக் கட்டங்களை அழைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு காலிக் கட்டங்கள் ஒன்றையொன்று மாறிமாறி அழைத்து ஸ்டாக் நிரம்பிவிடும்.

சாரல்

கல்மேடு மேடம் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். அதையே இன்னும் ஒரு படி எடுத்துப் போனால் பட்டன் அரேயே தேவையில்லை என்பது என் கருத்து. ஆட்டம் எண் அரேயில் இருக்கிறது. ஒரே ஒரு பேனல், அதன் பெயின்ட்காம்பொனன்ட்டில் 81 சதுரம் வரையுங்கள். ஒரு சதுரம் 30 பிக்சல் என்று வைத்தால், கிளிக் வந்த இடத்தின் எக்ஸை 30ஆல் வகுத்தால் நெடுவரிசை, ஒய்யை 30ஆல் வகுத்தால் வரிசை. லிசனர் ஒன்று, லேஅவுட் தலைவலி இல்லை, வண்ணம் நம் இஷ்டம்.

டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒவ்வொரு பட்டனும் இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒரு தனி விண்டோ, தனி ஹேண்டில். ஒரு புராசஸுக்கு இயல்பாக 10,000 யூசர் ஹேண்டில்தான் வரம்பு. 100க்கு 100 கட்டம் போட்டால் வரம்பைத் தொட்டுவிடும். அதற்கு வெகு முன்பே சன்னல் திறக்கத் திணறும்.

கல்மேடு

100க்கு 100 என்றால் நானும் வரையத்தான் சொல்வேன். வாழ்க்கை விளையாட்டு (கேம் ஆஃப் லைஃப்), பிக்சல் எடிட்டர் போன்றவற்றுக்கு அதுதான் சரி. ஸ்விங் பட்டன்கள் தனி விண்டோ இல்லை, ஜாவாவே வரைகிறது என்பதால் சில நூறு பட்டன்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

ஆனால் பட்டனை விட்டுவிடும்போது கூடவே போவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். டேப் விசையில் நகர்வது, ஸ்பேஸ் பாரில் அழுத்துவது, எது தேர்வில் இருக்கிறது என்ற கோடு, இவையெல்லாம் ஜேபட்டனோடு இலவசமாக வருகின்றன. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் வைத்து ஆடினால், ஒவ்வொரு பட்டனுக்கும் "வரிசை 3, நெடுவரிசை 4, திறக்கவில்லை" என்று ஒரு பெயரைக் கொடுக்க முடியும். வரைந்த சதுரம் அவருக்கு ஒரு வெற்றுப் பேனல். அதை மறுபடி உருவாக்குவது பெரிய வேலை, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர் முதலில் பட்டனில் செய்யட்டும். ஆட்டம் தனி கிளாஸில் இருந்தால் பிறகு வரைவதற்கு மாறுவது ஒரு மாலை வேலைதான்.

சாரல்

திரைவாசிப்பான் விஷயம் சரியான பாயின்ட் மேடம். ஒத்துக்கொள்கிறேன்.

தூரிகை_11

மேடம் சொன்னபடி ஆட்டத்தைத் தனி கிளாஸாக மாற்றிவிட்டேன். 9க்கு 9 முழுமையாக ஓடுகிறது. ஆர்வத்தில் எக்ஸ்பர்ட் நிலையும் சேர்த்தேன்: 16 வரிசை, 30 நெடுவரிசை, 99 வெடி. சன்னல் வருகிறது. இடதுபக்கம் கிளிக் செய்தால் ஓடுகிறது, வலதுபக்கம் தொட்டால் "16 நீளமுள்ள அரேயில் 16ஆவது இடம் இல்லை" என்ற பொருளில் பிழை. இன்னொன்று, பட்டன்களில் எண் தெரியாமல் மூன்று புள்ளி தெரிகிறது.

பனங்காடு

மூன்று புள்ளி எளிது. ஜேபட்டனின் நான்கு பக்கமும் உள் ஓரம் இருக்கும். பட்டன் சிறியதானால் எழுத்துக்கு இடம் போதாமல் புள்ளியாகிவிடும். செட்மார்ஜினில் நான்கும் 0 கொண்ட இன்செட்ஸ் கொடுங்கள். விரும்பும் அளவாக 30க்கு 30 வைத்து, எல்லாம் சேர்த்த பிறகு ஃபிரேமில் பேக் அழையுங்கள். சன்னல் அளவை நீங்களே எண்ணாகக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த பிழை, நிரலைப் பார்க்காமலே சொல்கிறேன்: எங்கோ அரேயை [எக்ஸ்][ஒய்] என்று தொட்டிருக்கிறீர்கள். கணிதப் பாடத்தின் பழக்கத்தில் எக்ஸ் முதலில் வந்துவிடும். எக்ஸ் என்பது கிடையாக நகர்வது, அது நெடுவரிசை எண். அரேயிலோ முதல் எண் வரிசை. 9க்கு 9இல் இரண்டும் 9 என்பதால் பிழையே வராது. எழுதுவதும் படிப்பதும் ஒரே மாதிரி தலைகீழாக இருந்தால் ஆட்டம் சரியாகவே ஓடும். சதுரம் இந்தத் தவறை முழுசாக மறைத்துவிடும். 16க்கு 30 ஆனதும் 16ஐத் தாண்டிய நெடுவரிசை எண் வரிசையின் இடத்தில் போய் விழுந்து உடைகிறது. இடதுபக்கம் ஓடுகிறது, வலதுபக்கம் உடைகிறது என்று நீங்கள் எழுதியதே அதற்கு அடையாளம். இடதுபக்கமும் ஓடுவதாகத் தோன்றுகிறதே தவிர, தவறான கட்டத்தைத் திறந்துகொண்டிருக்கலாம், பாருங்கள்.

எக்ஸ், ஒய் என்ற பெயர்களை நிரலிலிருந்தே எடுத்துவிடுங்கள். வரிசை, நெடு மட்டும் இருக்கட்டும், எப்போதும் அதே ஒழுங்கில். லூப்பின் எல்லைக்கு 9, 16 என்று எண்ணை எழுதாமல், வெளி லூப்புக்கு அரேயின் லெங்த், உள் லூப்புக்கு அரே[வரிசை]யின் லெங்த். இனி எந்தப் பலகையை எழுதினாலும் முதல் சோதனையை 3க்கு 5 போன்ற சதுரமில்லாத அளவில் செய்யுங்கள். சதுரமான அளவில் மட்டும் சோதித்த நிரலை நான் நம்புவதே இல்லை.

ஆலங்குருவி

சி ஷார்ப்பில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே காற்புள்ளி போட்டு எழுதும் இரு பரிமாண அரேயின் லெங்த் மொத்த எண்ணிக்கை, அதாவது 480. வரிசைக்கு கெட்லெங்த்(0), நெடுவரிசைக்கு கெட்லெங்த்(1). ஜாவா பழக்கத்தில் லெங்த் என்று போட்டால் லூப் 16ஐத் தாண்டி ஓடி உடையும்.

தூரிகை_11

அண்ணா, நீங்கள் சொன்ன இடமேதான். பரவித் திறக்கும் மெத்தடில் எக்ஸ், ஒய் இருந்தது. இடதுபக்கத்திலும் தவறான கட்டம்தான் திறந்துகொண்டிருந்தது. இப்போது 3க்கு 5இலும் 16க்கு 30இலும் ஓடுகிறது.

கடைசியாக ஒன்று, வலது கிளிக்கில் கொடி. ஆக்ஷன்லிசனருக்கு வலது கிளிக் வருவதே இல்லை. மவுஸ்லிசனர் போட்டேன், வருகிறது. ஆனால் திறந்து டிஸேபிள் ஆன கட்டத்திலும் கொடி விழுகிறது. டிஸேபிள் ஆன பட்டனுக்கு எப்படி கிளிக் வரும்?

பனங்காடு

டிஸேபிள் செய்தால் நிற்பது ஆக்ஷன் நிகழ்வு மட்டும்தான். ஸ்விங்கில் மவுஸ்லிசனருக்கு அழுத்தல், விடுதல் எல்லாம் டிஸேபிள் ஆன பட்டனிலும் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அந்தச் சோதனையைப் பட்டனிடம் கேட்காதீர்கள், ஆட்டத்திடம் கேளுங்கள். கொடிநடு(வரிசை, நெடு) மெத்தடின் முதல் வரி: திறந்ததா என்ற அரேயில் ஆம் என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பு.

மவுஸ்கிளிக்டு வேண்டாம், மவுஸ்பிரஸ்டு வையுங்கள். அழுத்தி விடுவதற்குள் சுட்டி கொஞ்சம் நகர்ந்தாலும் கிளிக்டு வராமல் போய்விடும், ஆடுகிறவர்கள் கொடி விழவில்லை என்பார்கள். வலது பட்டனா என்று பார்க்க ஸ்விங்யூட்டிலிட்டீஸில் இஸ்ரைட்மவுஸ்பட்டன் இருக்கிறது.

டிஸேபிள் செய்வதையே விட்டுவிடலாமா என்றும் யோசியுங்கள். டிஸேபிள் ஆனால் எழுத்து சாம்பல் நிறமாகிவிடும். 1க்கு நீலம், 2க்குப் பச்சை என்று நீங்கள் செட்ஃபோர்கிரவுண்டில் கொடுக்கும் நிறம் தெரியாது. எது திறந்தது என்று ஆட்டத்துக்குத் தெரியும்போது பட்டனை முடக்க வேண்டிய தேவை இல்லை. பின்னணி நிறத்தை மட்டும் மாற்றுங்கள். மேக் கணினியில் பின்னணி நிறம் தெரியவில்லை என்றால் செட்ஒபேக்கை ஆம் என்றும் செட்பார்டர்பெயின்டெட்டை இல்லை என்றும் வையுங்கள்.

கொடி நட்ட கட்டத்தில் இடது கிளிக் பட்டாலும் திறக்கக் கூடாது. அந்தச் சோதனை திற() மெத்தடின் முதல் வரியில் இருக்கட்டும், லிசனரில் வேண்டாம்.